திறந்த வீட்டின் வெள்ளை நாய்

மூன்று மொழி தெரியும் என்று ஒரு காலத்தில் நான் அலட்டிக்கொண்ட அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல. ஒரே சொல் மொழிக்கு மொழி எப்படி வேஷம் மாறுகிறது என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன். தமிழில் ‘பண்டு’ முற்காலம், தெலுங்கில் பழம். நம் ‘கல்’ இந்துஸ்தானியில் நேற்று, நாளையும் அதுவேதான். (யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை.)

அப்போது ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் பண்ணையார் ஒருவர் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் வாத்தியார் தேடினார். எனக்கோ ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் பேசியிருந்தது. “வேலை கெடைச்சாத்தான் பொண்ணு” என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

சித்திரை வெயிலில் மாட்டுவண்டியில் போய் இறங்கினேன். கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே ஓர் ஆள் இல்லை. கூடத்து ஊஞ்சல் மட்டும் தானாக ஆடிக்கொண்டிருந்தது. குரல் கொடுத்தேன், என் குரலே திரும்பி வந்தது. கிடந்த விசிறியை எடுத்து விசிறிக்கொண்டு காத்திருந்தேன். ஊஞ்சல் மெல்ல நின்றது. எனக்கு வியர்வையும் நின்றது. போய்விடலாம் என்று எழுந்தேன்.

வாசற்படியில் ஒரு வெள்ளை நாய் நின்றது. குரைக்கவில்லை, உறுமவில்லை, வாலைக்கூட ஆட்டவில்லை. நான் இடப்பக்கம் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. ஐயோ, இது நாயா, யாருடைய ஆவியா! தமிழில் ‘போ’ என்றேன், தெலுங்கில் ‘வெள்ளு’ என்றேன், இந்துஸ்தானியில் ‘ஜாவ்’ என்றேன். கடைசியில் நோட்டு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். (அதைப் பொறுமையாகக் கேட்ட ஒரே ஜீவன் அதுதான்.)

பொழுது சாயும்போது பண்ணையார் குடும்பத்தோடு குலசாமி கோயிலிலிருந்து திரும்பினார். நான் தூணைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“ஏந் தம்பி, எம்புட்டு நேரமா நிக்கீக?”

“மத்தியானத்துலருந்துய்யா. இது எந்தப் பாஷைக்குக் கட்டுப்படும்?”

“பாஷை எதுக்கு? யாரும் வரலாம், போகலாம். எங்க வீட்டுச் சாமான எடுத்துட்டுப் போனாத்தான் விடாது. அப்பிடித்தான் பழக்கிருக்கோம்” என்றவர் என் அக்குளைப் பார்த்தார்.

அங்கே அவருடைய விசிறி இருந்தது. பதறிப்போய்க் கீழே வைத்தேன். நாய் விலகிப் போய் ஊஞ்சலில் தாவிப் படுத்தது. ஊஞ்சல் ஆட ஆரம்பித்தது.

பண்ணையார் வீட்டில் அத்தனை பேரும் சிரித்தார்கள். “வேலைக்கு வாங்க தம்பி. எது காணாமப் போனாலும் நாய் பாத்துக்கிடும்” என்றார். வெட்கத்தில் செத்தே போனேன். அவர் அதோடு விட்டாரா? ஸ்ரீவில்லிபுத்தூர்வரை கதை போய்விட்டது.

கல்யாணமாகி, பெண்ணைக் கைப்பிடித்து மாமனார் வீட்டை விட்டுக் கிளம்பினேன். வாசலில் வெள்ளையாக ஏதோ அசையாமல் நின்றது. என் கால்கள் தாமாக நின்றன. பிடித்த கையைச் சட்டென்று விட்டுவிட்டேன்.

“அது நாய் இல்ல, எங்கய்யா, ஒங்க மாமனாரு. வேட்டி கட்டி நிக்காக. பயப்படாம வாங்க” என்றாள் அவள்.

இன்றும் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும், பத்துப் பேர் முன்னால் என் மனைவி கேட்பாள்: “எங்க, கையக் காட்டுங்க!” நானும் காட்டிவிட்டுத்தான் படி இறங்குகிறேன்.