எக்ஸில் தொடங்கும் பெயர்

லண்டனில் வேறெந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் இல்லாத பெயரைத்தான் தன் மகளுக்கு வைப்பதென்று லதீசன் முடிவெடுத்தது ஆர்ச்வே முருகன் கோயிலில். யாரோ ஒரு தாய் 'தக்ஷிகா' என்று கூப்பிட, நாலு பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

மனைவி மாதங்கிக்குத் தன் அம்மாவின் பெயரை வைக்க ஆசை. சாந்தி. அப்படிக் கூப்பிட்டால் கோயிலே திரும்பிப் பார்க்கும் என்றான் லதீசன். அவனுக்குப் பழைய கிரேக்கப் பெயர் வேண்டும், அதுவும் கிரேக்கரே மறந்துபோனதாக.

தேடத் தேடத் தலை சுற்றியது. தாலியா என்றதும், பக்கத்து வீட்டுக் கிருஷ்ணராசா அண்ணை, பால்குடிப் பிள்ளைக்கு இப்பவே தாலியா என்று கேட்டார். கலியோப்பி என்றதும், "ஆர் கள்ளி?" என்றார். யூபிராக்சியா சளிமருந்தல்லவா என்றார். எது பெயர், எது மருந்து என்று லதீசனுக்கே குழம்பிவிட்டது.

பிள்ளையை மடியில் வைத்திருந்த மாதங்கி மெல்லக் கேட்டாள்: "ஏனப்பா, இங்கிலீஷ் எக்ஸில தொடங்கிற பேர் ஒண்டும் இல்லையோ?"

லதீசன் துள்ளி எழும்பித் தேடினான். கிடைத்தது. எக்ஸாந்தே. பொன்னிறத்தாள் என்று பொருள். மாதங்கி முகத்தைச் சுளித்து, வாய்க்குள் நுழையாத பெயர் என்றாள். அதோடு லதீசன் உறுதியாகிவிட்டான்.

குரோய்டனில் பிறப்பைப் பதியப் போனார்கள். எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கையெழுத்தும் போட்டான். பத்திரத்தை நீட்டிய வெள்ளைக்காரப் பெண் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். "ஹலோ, ஸாந்தி."

லதீசன் அவளைத் திருத்தினான். அவள் பணிவாக அவனைத் திருத்தினாள். இங்கே அந்த எக்ஸை 'ஸ' என்றும், கடைசி 'தே'யை 'தி' என்றும்தான் சொல்வார்களாம்.

மாதங்கி பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

ட்ராமில் கேட்டான். "உமக்கு முதலே தெரியுமோ?"

"நீங்கள் வைச்ச பேர். எனக்கென்ன தெரியும்?"

வீட்டுக்குள் நுழையவும் யாழ்ப்பாணத்திலிருந்து மாமி கூப்பிடவும் சரியாக இருந்தது.

"என்ர பேரைத்தான் வைக்கவேணுமெண்டு நீங்கள் ஒற்றைக்காலில நிண்டனீங்களாம் தம்பி. மாதங்கி சொன்னவள். இப்பிடி ஒரு மருமகன் இருக்கேக்க நான் ஏன் இஞ்ச தனியக் கிடக்கவேணும்? வந்து உங்களோடயே இருக்கப் போறன்."

லதீசன் மனைவியைப் பார்த்தான். பிறகு, "ஓம் மாமி" என்றான்.