வெள்ளைத் துணியும் ஒரு டேயும்

பேரன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரியும் நலம், தையல் மிஷினுக்கு மட்டும் கொஞ்சம் முழங்கால் வலி. அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இனி அவரிடம் சிபாரிசு பண்ண எனக்கு நேரடியாக ஆள் இருக்கிறது.

ஆமாம் அக்கா, என் கூட்டாளி நெட்டையனுக்குக் குருப்பட்டம் கொடுத்துவிட்டார்கள்! "இதுங்க ரெண்டும் உருப்பட்டா நான் காதை அறுத்துக்கறேன்" என்று எங்களைச் சொன்னாயே, ஒரு காதைத் தயாராக வை. இன்னொன்று பத்திரம், நான் அப்படியேதான் இருக்கிறேன்.

பட்டத்துக்குப் போடும் நீண்ட வெள்ளை அங்கியை நான்தான் தைத்தேன். அவன் உயரத்துக்குக் கடையில் எங்கே கிடைக்கும், பாதத்துக்கு வரவேண்டியது முழங்காலில் நின்றுவிடும். துணியை வெட்டுமுன் டீ கிளாஸைக்கூட வெளியே நிறுத்திவிட்டேன். நான் அங்கியை இஸ்திரி போட, வீட்டுக்காரி என்னை இஸ்திரி போட்டாள்: "இனிமே அவர் ஃபாதர். வாங்க போங்கன்னுதான் பேசணும். உங்க வாயிலேர்ந்து ஒரு டேய் வந்துது, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்." பால்பல் விழாத காலத்திலிருந்து வாயில் ஊறிய வார்த்தை அக்கா! அது போனால் நாங்கள் இரண்டு பேரும் என்னதான் பேசிக்கொள்வோம்? அவனே எனக்கு இல்லாமல் போய்விடுவானோ என்று பயம் பிடித்துக்கொண்டது. ஆனாலும் கண்ணாடி முன் நின்று "நல்லா இருக்கீங்களா ஃபாதர்?" என்று பழகினேன். அளவு கொடுக்க வந்தவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

கோவிலில் நிற்க இடமில்லை. பெயர் சொல்லி அழைத்ததும் "இதோ இருக்கிறேன்" என்று அவன் எழுந்தான் பார், எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "தோள்பட்டை எப்படி உட்கார்ந்திருக்கு பாத்தீங்களா?" என்று பக்கத்தில் இருந்தவரையும் விடவில்லை. அடுத்து நடக்கப்போவதை யாருமே என்னிடம் சொல்லவில்லை. அவன் நேரே போய்த் தரையில் குப்புறப் படுத்துவிட்டான்! தன்னையே முழுசாகக் கொடுப்பதற்கு அடையாளமாம், ஊருக்கெல்லாம் தெரியுமாம். குருப்பட்டத்தை நான் எங்கே கண்டேன்? கோவிலே மூச்சடங்கி நின்ற அந்த நேரம் பார்த்து என் பாழும் வாய், "டேய்! வெள்ளைத் துணிடா!" என்று கத்திவிட்டது. பட்டம் கொடுக்க வந்த ஆயர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வீட்டுக்காரி கிள்ளிய இடம் இன்னும் கன்றிக் கிடக்கிறது. கீழே கிடந்தவன் தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறான் என்று எல்லோரும் உருகினார்கள். அவன் சிரிப்பது எனக்குத் தெரியாதா?

பிறகு ஆயர் அவன் தலையில் கை வைத்தார். வெட்கமில்லாமல் அழுதேன் அக்கா, அவ்வளவு பெருமை. முதல் ஆசீர் வாங்க வரிசையில் நின்று, மண்டியிட்டு, "ஃபாதர்" என்றேன். தலையில் கை வைத்தான், இல்லை, வைத்தார். அங்கேயே சபதம் எடுத்துவிட்டேன்: சாகும்வரை இனி ஃபாதர்தான், டேய் கிடையாது.

அத்தானுக்கு வணக்கமும், பிள்ளைகளுக்கு முத்தங்களும், உனக்கு நான் சுடச்சுட வாங்கிய ஆசீரில் பாதியும் அனுப்பும்,
உன் தம்பி.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஃபாதரே கடைக்கு வந்துவிட்டார், அங்கி அக்குளில் பிடிக்கிறதாம். "வாங்க ஃபாதர், உட்காருங்க" என்றேன். வேறு யாரோ வந்திருப்பதாக நினைத்து வாசலைத் திரும்பிப் பார்த்தான். பிறகு முகம் சுண்டிப்போயிற்று. "எங்க அம்மாவே நேத்துலேர்ந்து வாங்க போங்கன்னு பேசுறாங்கடா. நீயும் ஆரம்பிச்சுட்டா, என்னை டேய்னு கூப்பிட யாருடா இருக்கா?" என்றான். அக்கா, மேலே உள்ள சபதத்தை அடித்துவிட்டுப் படிக்கவும். "டேய், கையைத் தூக்குடா" என்று டேப்பை எடுத்துவிட்டேன்.