அக்கா கரைக்கு வர வேண்டாம்

அன்பும் அச்சமும் சரிபாதி கலந்த அக்காவுக்கு,

தம்பி தண்ணீருக்கு மேலே இருந்துதான் எழுதுகிறேன். நான், என் மனைவி, சைக்கிள் மூவரும் நலம். நீயும் அத்தானும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

விஷயம் ஒன்றுதான். வரும் ஞாயிறு ஏரியில் ட்ரையத்லான். முதலில் நீச்சல், அப்புறம் சைக்கிள், அப்புறம் ஓட்டம். நீ வர வேண்டாம்.

கோபப்படாதே. போன வருஷம் நான் நடு ஏரியில் கையைத் தூக்கித் தூக்கி நீந்தியது உனக்கு உதவி கேட்பதுபோலத் தெரிந்திருக்கிறது. மீட்புப் படகு வந்தது. "கரையில ஒரு அம்மா கத்திக்கிட்டே ஓடி வந்தாங்க, நீங்க கூப்பிடுறீங்கன்னு," என்றார் படகுக்காரர். நான் கூப்பிடவில்லை என்றேன். வாயில் தண்ணீர் இருந்ததால் அது வேறு மாதிரிக் கேட்டிருக்கும். என்னைத் தூக்கிப் படகில் போட்டுக்கொண்டார். படகில் ஏறினால் போட்டி முடிந்தது. கத்துகிற அம்மா என்றால் நம் குடும்பத்தில் வேறு யார்? நீயும் மறுக்கவில்லை. "முதல்ல தலையைத் துவட்டு," என்றாய். அவ்வளவுதான்.

இந்த முறையும் படகில் திரும்பினால் சைக்கிளை விற்றுவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் ஆள்கூடப் பார்த்துவிட்டாள். அவளுடைய அலுவலகக் காசாளர். வந்து ஏறி உட்கார்ந்தார். சைக்கிளுக்கு மணி இல்லையா என்று கேட்டார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே நீச்சலை அரிச்சுவடியிலிருந்து கற்கிறேன். பயிற்சி தருபவர் ஒரு பெண்மணி. தப்புக்குத் தப்பு ஊதுவதால் நீச்சல்குளத்தில் எல்லோருக்கும் அவர் 'விசில்'. முதல் நாளே "தண்ணிக்குள்ள மூச்சு விடுங்க" என்றார். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வேன். மூச்சு விடுவது என்றால் இழுப்பதும் சேர்த்துத்தானே. விட்டேன். குளத்தில் ஒரு பங்கு எனக்குள் போயிற்று.

"விடத்தானே சொன்னேன். இழுக்கவா சொன்னேன்?"

"மூச்சு விடுறதுன்னா ரெண்டும்தாங்க மேடம்."

"இலக்கணமெல்லாம் கரையில. இங்க குமிழி மட்டும்."

அன்றிலிருந்து வாளி. குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, முகத்தை அமிழ்த்திக் குமிழி விடுகிறேன். ஒருநாள் மாமனார் கதவைத் திறந்தார். பார்த்தார். சத்தமில்லாமல் மூடினார். கூடத்தில் மகளிடம் "உங்களுக்குள்ள ஏதாவது பிரச்சினையாம்மா?" என்று அவர் கேட்டது எனக்கு வாளிக்குள் கேட்டது.

அப்புறம் தோளுக்குப் பலம். கதவின் கைப்பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டிக் குனிந்து நின்று, முழங்கை தாழாமல், இரண்டு கையாலும் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுத்துக்கொண்டிருந்தேன். மறுபக்கத்திலிருந்து மாமனார் கதவைத் திறந்தார். அது அவர் பக்கம் திறக்கும் கதவு. நானும் போனேன். நேராக அவர் நெஞ்சில். அவர் என்னை அணைத்துக்கொண்டு, "எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம் மாப்பிள்ளை," என்றார்.

இப்போது தேறியிருக்கிறேன். உடம்பு பலகைபோல நிற்கிறது. கால் தாழ்வதில்லை. நேற்று விசில் சத்தமே இல்லாமல் குளத்தின் மறுமுனையைத் தொட்டேன். தண்ணீருக்குள் யாருடைய குரலும் இல்லை. என் குமிழிகள் மட்டும். அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அதனால்தான் கெஞ்சுகிறேன். ஞாயிறு வீட்டிலேயே இரு. அல்லது வாயைக் கட்டிக்கொண்டு வா. அதைவிட வீட்டிலேயே இரு.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். உனக்கு, தூரத்திலிருந்து, மாறாத மரியாதை.

இப்படிக்கு,
மிதக்கும் தம்பி

பி.கு.: உறையை ஒட்டும் முன் மனைவி இதைப் படித்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "அன்னிக்குப் படகுக்கு ஓடினது நான். அக்கா என் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. 'அவன் நல்லாத்தான் நீந்துறான், சும்மா இரு'ன்னாங்க. நான் உதறிட்டு ஓடினேன். அதுக்கப்புறம் அவங்க யார்கிட்டயும் மூச்சு விடல." சைக்கிளை விற்கச் சொன்னதும் அதே பயத்தில்தானாம். ஆகவே மேலே உள்ள அனைத்தையும் பிழை என்று கொள்க. ஞாயிறு கட்டாயம் வா. படகுக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார். இந்தத் தடவை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்.