கண்ணாடிக் கதவுகளுக்கு ஒரு வார அவகாசம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், தங்கள் தங்கை நலம், தாங்கள் அனுப்பிவைத்த பழைய கண்ணாடிக் கதவுகள் இரண்டும் நலம். அங்கே தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் சொல்ல வேண்டியதை இவன் ஏன் கடிதமாக எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். தொலைபேசியில் தாங்கள் நடுவில் பேசுவீர்கள். தாங்கள் நடுவில் பேசினால் எனக்கு நாக்கு குழறும். கடிதத்தில் தங்களுக்கு அந்த வசதி கிடையாது.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதை ஒரே ஒரு வாரம் தள்ளிவைக்க வேண்டும். காரணத்தைக் கீழே எழுதுகிறேன், கோபப்படாமல் படிக்கவும். முடிந்தால் உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

காலஞ்சென்ற என் மாமனாரின் மருந்துக்கடைக் கட்டடத்தைத் தாங்கள் விற்று, வாங்கியவர் அதை இடித்தபோது, சுவர் அலமாரியிலிருந்து இந்தக் கதவுகளை மட்டும் தாங்கள் கழற்றிக் காப்பாற்றினீர்கள். விற்பதற்கு முன் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று தங்கள் தங்கை ஒரு வார்த்தை சொன்னாள், தாங்கள் ஒன்பது வார்த்தை சொன்னீர்கள், அதோடு நாலு வருஷமாகத் தாங்கள் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. அப்படியிருக்கப் போன மாதம் திடீரென்று ஒரு வண்டியில் கதவுகள் வந்து இறங்கின. கூடவே தங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘கதவு ரெண்டும் ஜோடியா ஒரு அலமாரில நிக்கணும். அடுத்த மாசம் முதல் ஞாயிறு வந்து பாப்பேன். நிக்கலைன்னா ரெண்டையும் ஏத்திக்கிட்டுப் போயிடுவேன்.’ அந்தச் சீட்டைத் தங்கள் தங்கை சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாள். நான் தண்ணீர் குடிக்கப் போனாலும் அதைப் படித்துவிட்டுத்தான் குடிக்க வேண்டியிருக்கிறது.

அலமாரியை நானே செய்துவிடுகிறேன் என்று வாயை விட்டது என் தப்புதான். முப்பத்திரண்டு வருஷம் ஊரார் நிலத்தைச் சங்கிலி பிடித்து அளந்தவன், ஒரு கதவை அளக்க மாட்டேனா என்ற திமிர். ஒவ்வொரு கதவும் இருபது அங்குலம். இருபதும் இருபதும் நாற்பது என்று வாய்த்திறப்பை நாற்பது அங்குலம் வைத்து, பழைய கட்டில் மரத்தையும் புதுப் பலகையையும் சேர்த்து, பதினோரு நாளில் அலமாரியை நிமிர்த்திவிட்டேன். கதவுகளைப் பொருத்திப் பார்த்தால் நடுவில் அரை அங்குலம் இடைவெளி. மறுபடி அளந்தேன். இருபது, இருபது. மூன்றாம் தடவை தங்கள் தங்கையை விட்டு அளக்கச் சொன்னேன். அவளுக்கும் இருபது, இருபதுதான். ஆனால் இடைவெளி மட்டும் போகவில்லை. தெருக்கோடித் தச்சரைக் கூப்பிட்டேன். அவர் இரண்டு கதவையும் சாத்தி, இடது கதவின் விளிம்பு வலது கதவின் மேல் அரை அங்குலம் ஏறி உட்காருவதைக் காட்டினார். “சார், நிலம்னா பக்கத்துல பக்கத்துல படுத்துக்கும். ஜோடிக் கதவு அப்படி இல்ல, ஒண்ணு மேல ஒண்ணு ஏறித்தான் நிக்கும்” என்றார். என் உத்தியோகத்தில் ஒருவர் நிலம் இன்னொருவர் நிலத்தின் மேல் அரை அங்குலம் ஏறினால் அதற்குப் பெயர் வழக்கு. அது எனக்குத் தோன்றாததில் என்ன ஆச்சரியம்?

சரி, பக்கவாட்டில் அரை அங்குலத்துக்கு ஒரு சட்டம் அடித்து அதைச் சமாளித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, கதவுகளின் மேல்விளிம்பு நேராக இல்லை. இத்தனை வருஷம் தொங்கித் தொங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டிருக்கிறது. தச்சர் இழைப்புளியை என்னிடம் இரவல் கொடுத்து, கதவில் கொஞ்சம் சீவிவிடச் சொல்லிவிட்டுப் போனார். நான் இழைப்புளியைக் கையில் எடுத்ததுதான் தாமதம், தங்கள் தங்கை குறுக்கே வந்து நின்றுவிட்டாள். “அது அப்பா தொறந்து தொறந்து மூடின கதவு. அதுல ஒரு சுருள் மரம் உதிர்ந்துச்சு, நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்.” வேறு வழியில்லை. நேராக நின்ற அலமாரியைக் கதவுக்குத் தக்கபடி நானே கோணலாக்கினேன். இப்போது அடித்தட்டில் திருகாணிகளை வைத்தால் அவை எல்லாம் ஒரே மூலைக்கு உருண்டு போய்ச் சேருகின்றன. ஆனால் கதவும் அலமாரியும் ஒரே அளவுக்குக் கோணல் என்பதால் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது.

இனி நேற்றைய வியாழக்கிழமைக்கு வருகிறேன். பிற்பகல் தாங்கள் மூன்று முறை தொலைபேசியில் அழைத்தும் நாங்கள் எடுக்கவில்லை. தங்களை அவமதிக்கும் எண்ணம் துளியும் இல்லை. அப்போது நடந்தது என்னவென்றால், வலது கதவைத் தொங்கவிட்டாகிவிட்டது. திருகாணி ஏறும் வரை இடது கதவை உள்ளிருந்து தாங்கிப் பிடிப்பதற்காகத் தங்கள் தங்கை, தட்டுகள் போடாத அலமாரிக்குள் போய் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். நான் வெளியிலிருந்து கதவை நிமிர்த்தி முதல் திருகாணியை ஏற்றும்போது கதவுச் சட்டத்தின் கீழ்மூட்டு ‘க்ரீச்’ என்று விட்டுப்போயிற்று. கண்ணாடியைப் பிடித்திருந்த பழைய பட்டிப் பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்தது. கண்ணாடி இறங்க ஆரம்பித்தது. நான் முழங்காலைக் கீழே கொடுத்தேன், இரண்டு கையையும் பக்கத்தில் கொடுத்தேன், அதுவும் போதாமல் நெற்றியை வைத்து அழுத்தினேன். அவள் உள்ளிருந்து இரண்டு உள்ளங்கையாலும் தாங்கினாள். இருவரில் யார் விட்டாலும் கண்ணாடி போயிற்று. கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் அவ்வளவு நேரம் முகத்தோடு முகம் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் மேஜை மேல் தொலைபேசி அடித்தது. “அண்ணன்தான்” என்றாள். “அசையாதே” என்றேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. “எடுக்கலைன்னா வர வேண்டாம்னு சொல்றோம்னு நினைச்சுக்குவாருங்க” என்றாள். நான் நெற்றியை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டேன். மூன்றாம் தடவையும் அடித்து நின்றது. அந்தப் பழைய கண்ணாடியில் எதைப் பார்த்தாலும் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளிகிறது. அதனால் அவள் அழுதாளா, கண்ணாடிதான் அப்படிக் காட்டியதா என்று எனக்கு விளங்கவில்லை.

நல்ல வேளை, இழைப்புளியைத் திரும்ப வாங்கிப் போகத் தச்சர் வந்தார். வாசலிலேயே நின்று பார்த்தார். “ரெண்டு பேரும் மூச்சை மெதுவா விடுங்க” என்று சொல்லிவிட்டு, ஒரு பலகையைக் கண்ணாடிக்கு அடியில் அங்குலம் அங்குலமாக நுழைத்தார். எனக்கு உயிர் வந்தது. கண்ணாடியைக் கீழே படுக்கவைத்தோம். இங்கே, கடிதத்தின் தொடக்கத்தில் நான் எழுதிய நலத்தில் ஒரு சிறு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. இடது கதவுச் சட்டத்தின் கீழ்மூலையில் செதுக்கியிருக்கும் பூவில் ஓர் இதழ் இல்லை. நகக்கண் அளவுதான். தாங்கள் குனிந்து தேடினால் ஒழியத் தெரியாது. தயவுசெய்து குனிய வேண்டாம்.

தச்சர் வலது கதவையும் கழற்றி, இரண்டுக்கும் மூட்டை ஒட்டி, புதுப் பட்டி வைத்துவிட்டார். “காய ஒரு வாரம் ஆகும். அதுக்குள்ள நிக்க வச்சீங்கன்னா நான் பொறுப்பில்ல” என்று சொல்லிவிட்டார். ஆகையால் கதவுகள் இப்போது எங்கள் கட்டிலில் படுத்திருக்கின்றன, நாங்கள் தரையில் படுக்கிறோம். தாங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வெறும் அலமாரியைத்தான் பார்ப்பீர்கள். சொன்ன சொல் தவறாதவர் தாங்கள். வண்டியில் ஏற்றிவிடுவீர்கள். பிறகு தங்கள் தங்கையின் முகத்தில் நான் எப்படி விழிப்பது? அவளுடைய அப்பாவின் ஞாபகமாக அவளிடம் இருப்பது இவை இரண்டும்தான். எனவே ஒரு வாரம் கழித்து அடுத்த ஞாயிறு வரும்படி காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு என் ஆசியும், தங்கள் முழங்கால் வலிக்கு என் அனுதாபமும் உரித்தாகுக.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குப் பயந்து காத்திருக்கும்,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: நாளைக்கே தங்கள் கைக்குக் கிடைக்கும்படி கூரியரில் கொடுக்க உறையை ஒட்டும் நேரத்தில் தங்கள் தங்கை கடிதத்தைப் பிடுங்கி, நின்றபடியே முழுவதும் படித்துவிட்டாள். அவள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதும்படி உத்தரவு: “நாலு வருஷம் கழிச்சு எங்கண்ணன் வர்றேன்னு ஒரு நாள் சொல்லியிருக்காரு. அதைப் போய்த் தள்ளி வைக்கச் சொல்றீங்களே, உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கா? கதவு ஒழுங்கா நின்னா அஞ்சு நிமிஷம் பாத்துட்டுக் கிளம்பிடுவாரு. அப்புறம் எதைச் சாக்கு வச்சு வருவாரு?” ஆகவே மேலே கண்ட யாவும் ரத்து. ஞாயிற்றுக்கிழமையே வரவும். வண்டியும் கொண்டுவரவும். ஆனால் ஒரு தடவைக்கு ஒரு கதவுதான் கொடுப்பாளாம். இன்னொன்றுக்குத் தாங்கள் மறுபடியும் வர வேண்டுமாம்.