பாலத்தை விட்ட பன்னிரண்டு குதிரைகள்

கொல்லிமலை, செம்மேடு
ஸ்ரீமுக வருஷம் தை மாதம் 2-ஆம் தேதி

காரவள்ளி மகாராஜராஜஸ்ரீ மச்சான் வெங்கிடுசாமி அவர்கள் சமூகத்துக்குக் காப்பித் தோட்டத்து ரைட்டர் அர்த்தநாரி தலைவணங்கி எழுதிக்கொள்வது. இவ்விடம் என்னைத் தவிர அனைவரும் சுகம். அக்காள், நாமகிரிக் கண்ணு, எருமை உட்பட அவ்விடத்துச் சுகத்துக்கும் எழுதவும்.

மச்சான், ஆறாம் தேதி நாமகிரி கல்யாணத்தில் அவள் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டிய தாய்மாமன் நான் வர முடியாது. காரணம், குதிரை. நம் மலையில் ஏது குதிரை என்பீர்கள். கட்டைவிரல் உயர ஈயக் குதிரை.

எங்கள் துரை சாப்பாட்டு மேஜையில் பச்சைக் கம்பளம் விரித்து, அடியில் புத்தகம் செருகி மேடாக்கி, நெப்போலியன் காலத்துச் சண்டையை ஈயச் சிப்பாய்களை வைத்துப் போடுகிறவர். அளவுகோலால் நடை அளப்பார். பகடை உருட்டி யார் செத்தது என்று தீர்ப்பார். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் லீவே கிடையாது என்றவர், போன ஞாயிறு மத்தியானம் என்னை நெப்போலியன் பக்கம் உட்கார வைத்து, "ரைட்டர், இந்தப் பாலத்தைப் பிடி. பத்து நாள் லீவு" என்றார். பன்னிரண்டு குதிரைகளைக் கொடுத்துப் புத்தியும் சொன்னார். "இது சின்னக் குதிரை. ஓடும், முட்டாது. துப்பாக்கியிலே கத்தி மாட்டிக் கட்டமா நிக்கிறவன்கிட்டே விடாதே. ஓரமா சுத்து, வேவு பாரு, ஓடறவனைத் துரத்து."

அப்படியேதான் செய்தேன், மச்சான். இடது ஓரமாகச் சுற்றவிட்டேன், மேட்டுக்குப் பின்னால் ஒளித்திருந்த பீரங்கியைக் கண்டுபிடித்தேன், தனியாக அகப்பட்ட நாலு பேரைத் துரத்தினேன், துரை சுருட்டை வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். பாலம் காலி. ஒரு சாண் தூரம், ஒரே நடை. அங்கேதான் புத்தி கெட்டது. மேட்டின் மேல் கட்டமாக நின்ற காலாட்களின் நடுவே துரையின் தளபதி, தொப்பியில் இறகோடு, என்னையே பார்ப்பது போலிருந்தது. பதினோரு வருஷமாக "எஸ் சார்" தவிர வேறு சொல்லாதவன் நான். இன்றைக்கு ஒரு தடவை மோதித்தான் பார்ப்போமே என்று தோன்றிவிட்டது.

சமையல்காரச் சின்னுசாமி கதவோரத்திலிருந்து, "ரைட்டரய்யா, வேண்டாமுங்க, பாலத்துக்கே போயிருங்க" என்றான்.

"நீ போய் டீ போடு" என்று சொல்லிக் குதிரைகளை மேட்டின் மேல் விட்டேன்.

டீ வருவதற்குள் பன்னிரண்டும் செத்தன. துரை சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுப் பெட்டியில் படுக்கவைத்தபடி, "அந்தத் தளபதியைப் பிடிச்சு என்ன பண்ணப் போறே, ரைட்டர்?" என்று கேட்டார்.

என் சம்சாரம் மாராயி, "ஏனுங்க, காலியாக் கெடந்த பாலத்துல போகத் தெரியாம, உங்க அக்கா ஊட்டுக் கல்யாணத்தத் தொலச்சுப்போட்டு வந்தீங்களா?" என்றாள்.

பட்டத்தை என் சித்தப்பா மகன் அருணாசலம் கட்டட்டும். அவனுக்குக் கை நடுங்கும், கோணாமல் பார்த்துக்கொள்ளவும். நாமகிரி பதினாறும் பெற்று வாழ அறப்பளீஸ்வரரை வேண்டுகிறேன். அவள் முகத்தில் விழிக்க லாயக்கற்ற,

மாமன் அர்த்தநாரி

பி.கு.: தபால் கொண்டு இறங்கும் ராசப்பனுக்கு மலைக்காய்ச்சல். துரையிடம் சொன்னேன். "லீவு இல்லேன்னா இல்லேதான். ஆனா லெட்டர் போகணுமே? நீயே கொண்டு போ. பதில் வாங்காமே வராதே" என்கிறார். ஆகவே தாங்கள் இதைப் படிக்கும்போது நானும் மாராயியும் எதிரில்தான் நிற்போம். பதிலை ஏழாம் தேதிக்கு முன் தயவுசெய்து எழுதிவிட வேண்டாம்.