கோலிகுண்டு காலனி வீடு விற்பனைக்கு

வீட்டை விற்க விடுவதில்லை என்று உமர் ஃபாரூக் குளியலறையில் வைத்து முடிவெடுத்தார். அவர் எடுக்கும் முடிவுகள் சேதமில்லாமல் இருப்பது அங்கே மட்டும்தான். தாழ்ப்பாளைத் திறந்தால் வெளியே அஸ்மத்துன்னிசா நிற்பாள்.

நின்றாள்.

"உள்ள என்ன முடிவு பண்ணீங்க?"

"குளிச்சேன்."

"வாளி காஞ்சு கிடக்கு. சரி, நல்ல சட்டையா போடுங்க. வீடு பார்க்க ஆள் வருது."

மகள் சிம்ரா வேளச்சேரியில் உயரமான ஒரு மாடியில் குடியிருக்கிறாள். லிஃப்ட், நீச்சல் குளம், விரல் பட்டால் சத்தமில்லாமல் திறக்கும் டிராயர்கள் வைத்த சமையலறை. போன மாதம் அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அஸ்மத்துன்னிசாவுக்கு ஒரே பேச்சு. இதை விற்போம், அங்கே போவோம். அதற்கு முன்னால் பல வருஷமாக அவள் கேட்டு வந்தது ஒரு புதுச் சமையலறை மட்டும். அது நடக்காததற்குக் காரணம் பந்துகள்.

அடையாற்றங்கரையில், கோல்ஃப் மைதானத்து மதிலை ஒட்டி இருக்கிறது அவர்கள் காலனி. பெயர்ப்பலகையில் வேறு ஏதோ எழுதியிருக்கும். ஆட்டோக்காரர்களுக்கு அது கோலிகுண்டு காலனி. மைதானம் வெள்ளைக்காரன் போட்டது. பிற்பாடு கிளப், ஓரமாக ஒரு துண்டை மனை போட்டுத் தன் ஆட்களுக்குக் கொடுத்தது. உமர் ஃபாரூக்கின் அத்தா கிளப்புக்குத் தோல் பை தைத்துக் கொடுத்தவர். அவருக்கும் ஒரு மனை கிடைத்தது. கூடவே இரண்டு உரிமைகள். காலையில் முதல் ஆட்டக்காரர் வரும்வரை காலனிக்காரர்கள் மைதான ஓரமாக நடக்கலாம். மதிலைத் தாண்டி வந்து விழுகிற பந்து, விழுந்த வீட்டுக்குச் சொந்தம்.

தி. நகரில் செருப்புக்கடை வைத்து ஓய்ந்த உமர் ஃபாரூக் கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஆனால் விழுந்த பந்து ஒன்றைக்கூட அவர் விட்டதில்லை. அத்தனையும் சமையலறைக் கீழ்த்தட்டுகளில் இருந்தன. அரிசி எடுக்கப் போனால் பந்து உருளும். பிரியாணி ஆக்கும் தேக்சாப் பாத்திரம் இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது. சமையலறையை இடிப்பதென்றால் பந்துகளை வெளியேற்ற வேண்டும். அது நடக்காது.

கீழே இறங்கி வாட்ச்மேன் வேலுவைப் பிடித்தார்.

"வேலு, இப்ப ஒருத்தர் வருவார். இங்க பாம்பு இருக்குன்னு சொல்லு."

"கீதுன்னே சொல்றேன். நெசந்தானே. ஆனா இன்னா சார், நீ வூட்ட விக்கிறியா, ஆள வெரட்டுறியா?"

"சொன்னதைச் செய்."

வந்தவர் பெயர் ராமானுஜம். மயிலாப்பூர், மாட வீதிப் பக்கம். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், தோளில் ஒரு பை. அஸ்மத்துன்னிசா டீ போட உள்ளே போனாள். இதுதான் சமயம் என்று உமர் ஃபாரூக் தொடங்கினார்.

"மறைக்கக் கூடாது பாருங்க. இங்க பாம்பு வரும்."

"வாசல்லயே வாட்ச்மேன் சொன்னார். பரவாயில்லை."

பரவாயில்லையா? உமர் ஃபாரூக்குக்கு என்னவோ போலிருந்தது. பாம்பை இவ்வளவு இளக்காரமாக எடுத்துக்கொள்கிற ஆளுக்கு விவரம் சொல்லியாக வேண்டும்.

"வரும். ஆனா நிக்காது. கீரிப்பிள்ளை இருக்கு. நாலு தலைமுறையா ஒரே குடும்பம். எங்க அத்தா காலத்துல இருந்த கிழட்டுக் கீரியோட கொள்ளுப்பேத்திதான் இப்ப சுத்துது. அதே நடை!"

சொல்லி முடித்த பிறகுதான் பேச்சு தடம் மாறியது தெரிந்தது. மறுபடி பிடித்தார்.

"ஜன்னல் கண்ணாடி உடையும். பந்து வந்து விழும்."

"பரவாயில்லை."

"சும்மா பந்தில்லை சார். ஒரு தடவை நீதிபதி ஒருத்தர் அடிச்ச பந்து எங்க சாம்பார்ல விழுந்துச்சு. அவரே வந்து மன்னிப்புக் கேட்டுட்டு, ஒரு கை சாப்டுட்டுப் போனார். எந்தக் காலனில நடக்கும் இது?"

"அப்படியா, பரவாயில்லையே."

"வெள்ளம்! ஆறு பக்கத்துல. ஊரே மூழ்கின வருஷம்..." இதில் அந்த ஆள் தப்ப முடியாது என்று மூச்சை இழுத்தார். "ஊரே மூழ்கிச்சு, எங்க தெரு மட்டும் மூழ்கலை! மைதானம் அவ்வளவு தண்ணியையும் குடிச்சிருச்சு. மறுநாள் காலைல பதினாறாம் குழிப் பக்கம் கெண்டை மீன் துள்ளிச்சு சார்!"

ராமானுஜம் பால்கனியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சமையலறைக்குள் போய் நின்றார். சுவரைத் தட்டினார். பையிலிருந்து டேப்பை எடுத்து நீட்டினார்.

"அங்க என்ன அளக்கறீங்க?"

"ஃப்ரிட்ஜ் நிக்குமான்னு பாக்கறேன்."

கீழ்த்தட்டைத் திறந்தார். பந்துகள் ஆரவாரமாக வெளியே வந்து அவர் பாதத்தைச் சுற்றி ஓடின. ஒரு பந்து கூடம்வரை போனது.

"பரவாயில்லை" என்றார் ராமானுஜம். குரல் கொஞ்சம் நடுங்கியது.

டீ குடித்துவிட்டு எழுந்தார். "எனக்குத் திருப்தி மாமி. மத்ததை உங்ககிட்ட ஃபோன்ல பேசிக்கறேன்."

கதவு சாத்திக்கொண்டது. அஸ்மத்துன்னிசா டம்ளர்களை அடுக்கினாள்.

"நான் ஒரு வார்த்தை பேசலீங்க. நீங்களே வித்துக் குடுத்துட்டீங்க. கீரிப்பிள்ளைக்குக் குடும்ப மரம் போட்டா எவன் வாங்காம போவான்?"

உமர் ஃபாரூக் பால்கனிக்குப் போனார். வெயிலில் மைதானம் பச்சையாக, யாருக்கும் எந்த அவசரமும் இல்லாமல் கிடந்தது. தூரத்தில் ஒருவர் மட்டையை ஓங்கி, யோசித்து, இறக்கினார். வேப்பமர வரிசைக்குக் கீழே ஒரு மயில் அவரைக் கண்டுகொள்ளாமல் கடந்தது. நாளைக் காலையில் இந்த ஓரத்தில் ராமானுஜம் நடப்பார். பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்பார்.

திரும்பாமலே கூப்பிட்டார்.

"அஸ்மத்."

"ம்."

"கிச்சனைப் புதுசாப் பண்ணிடலாம்."

"எதுக்கு? அங்க ரெடியா இருக்கு."

"விரல் பட்டாத் திறக்குமே, அந்த டிராயரோட."

"பந்து?"

அவர் மயிலைப் பார்த்தார்.

"லிஃப்ட்டும் இருக்குங்க அங்க. நீச்சல் குளமும்."

"உனக்கு நீந்தத் தெரியுமா?"

"உங்களுக்கு கோல்ஃப் தெரியுமா?"

"சரி, பந்தையும் எடுத்துடறேன். எங்க வைக்கிறது?"

"குளியலறைல. முடிவு எடுக்கறப்ப துணைக்கு இருக்கட்டும்."

அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். சீக்கிரமே திரும்பினாள். "விக்கலைன்னு சொல்லிட்டேன். பாவம், மனுஷன் குரலே இறங்கிப் போச்சு."

நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியது போல இருந்தது உமர் ஃபாரூக்குக்கு. மத்தியானம் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் பந்துகளை அவரே வாளி வாளியாகச் சுமந்தார். ஒரு பொம்பளையை இவ்வளவு சுலபமாக வழிக்குக் கொண்டுவந்த ஆண்பிள்ளை இந்தக் காலனியில் வேறு யார் என்று யோசித்துப் பார்த்தார். யாரும் தட்டுப்படவில்லை.

மறுநாள் காலை நடந்துவிட்டுத் திரும்பி வந்தால் வாசலில் ராமானுஜம். கையிடுக்கில் வண்ண வண்ணப் பலகைகள்.

"அதான் விக்கலைன்னு சொல்லியாச்சே!"

"எதை சார்? நான் கிச்சன் போடறவன். மாமிக்கு இந்தக் கிளிப்பச்சைதான் பிடிச்சிருக்குன்னா. நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்கோ. அளவு நேத்திக்கே எடுத்தாச்சு."

"நேத்து... வீடு பார்க்க..."

"அளவெடுக்க வரச்சே, சார் எது சொன்னாலும் பரவாயில்லைன்னு மட்டும் சொல்லுங்கோன்னா மாமி. வேற ஒண்ணும் பேசப்படாதுன்னா. நானும் சொன்னேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பந்து விழற வீட்டை யாராவது வாங்குவாளா சார்?"

உள்ளே தேக்சா கட்டிலுக்கு அடியிலிருந்து இழுபடும் சத்தம் கேட்டது. பின்னாலேயே அஸ்மத்துன்னிசாவின் குரல்.

"பச்சை எப்படி இருக்குங்க?"

உமர் ஃபாரூக் பலகையை வாங்கிப் பார்த்தார். பால்கனியிலிருந்து தெரிகிற அதே பச்சை.

"பரவாயில்லை" என்றார்.