ஏரிக்குப் போன பெஞ்சுகள்

அன்று படகில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர்; முகத்தில் இரண்டு மாஸ்க், கையில் சானிடைசர் பாட்டில். என் மனைவி கௌரி; மாஸ்க்குக்குப் பதில் முந்தானை. என் மகள் செல்வி. கௌரியின் தம்பி ஏழுமலை, படகு அவனுடையது. கடைசியாக நான். என்னோடு யாரும் பேசவில்லை.

நாங்கள் பெஞ்சு தேடிப் போய்க்கொண்டிருந்தோம்.

கொரோனாவுக்காகப் பூட்டிய எங்கள் குப்பத்துப் பள்ளியை ஒன்றரை வருஷம் கழித்துத் திறக்கப் போவதாகச் சொன்னார்கள். பெற்றோர் கூட்டத்தில் என்னை உதவிக்குப் போட்டார்கள். (நான் கூட்டத்துக்குப் போகவில்லை. வராதவன் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள்.) டீச்சர் என்னிடம் சொன்னார்:

"நாளைக்குக் காலைல ஆபீசர் பார்க்க வரார். ரூம் சுத்தமா இருக்கணும். பெஞ்சுக்குப் பெஞ்சு ஆறடி. இல்லேன்னா திறக்க விடமாட்டார்."

செல்வி ஒன்றாவது படிக்கும்போது பூட்டினார்கள். திறக்கும்போது மூன்றாவது. இரண்டாவது எந்த வழியாகப் போனதென்று அவளுக்கே தெரியாது. காலையில் அம்மாவோடு இறால் உரிக்க உட்காருவாள். விரலெல்லாம் வெடிப்பு. திறக்கிறார்கள் என்றதும் பழைய யூனிபார்மை எடுத்துப் போட்டாள். முட்டிக்கு மேலே நின்றது. கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள்.

வகுப்பைத் திறந்தேன். பெஞ்சு தெரியவில்லை, ஆட்டுப் புழுக்கைதான் தெரிந்தது. கொடுத்த பிளீச்சிங் பவுடர் தரைக்கும் கக்கூசுக்குமே சரியாகிவிட்டது. எங்களுக்குக் கழுவுவது என்றால் ஏரிதான். வலை, படகு, பாத்திரம், மனுஷன், எல்லாம் அங்கேதான். கடல் ஏறி வடிகிற உப்புத் தண்ணீர், அதில் எந்தக் கிருமி நிற்கும்? பெஞ்சு எல்லாவற்றையும் கரைக்கு இழுத்தேன். மரப் பலகை, குட்டை இரும்புக் கால்.

ஆறடி என்றால் எங்களுக்கு ஒரு பாகம். இரண்டு கையையும் விரித்துக் கயிறு அளப்போம், அது பாகம். வலைக் கயிற்றில் பாகத்துக்கு ஒரு பெஞ்சாகக் கட்டினேன். (கழுவும்போது எதற்கு இடைவெளி என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.) வலை கட்டுகிற மாதிரியே சேற்றில் ஒரு கழி ஊன்றினேன். கயிற்றை அதில் முடிந்தேன். ஊறட்டும் என்று சாப்பிடப் போனேன். நெத்திலிக் குழம்பு. கொஞ்சம் கண் அசந்தது.

வலை தண்ணீருக்கு வழி விடும். பெஞ்சு விடாது. பிறந்ததிலிருந்து ஏரியில் கிடப்பவனுக்கு அது தோன்றவில்லை. தண்ணீர் ஏறி வடிந்தபோது கழியையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

"இன்னாய்யா, பெஞ்சு எங்க?" என்றாள் கௌரி.

"இங்கதான் கட்டனேன்."

"நாலு காலு இருக்குதே, நடந்து பூடுச்சா?"

செல்வி மட்டும் மெதுவாகக் கேட்டாள். "நைனா, இஸ்கூலு தொறக்க மாட்டாங்களா?"

ஏழுமலையிடம் ஓடினேன். டீச்சருக்குத் தண்ணீர் என்றால் பயம். இருந்தும், "கவர்மெண்ட் பொருள், நானும் வரேன்" என்று ஏறிவிட்டார். படகு விளிம்பைத் தொடுவார், கைக்கு மருந்து போடுவார். மறுபடி தொடுவார், மறுபடி போடுவார். பாதி ஏரியில் பாட்டில் காலி. அதற்குப் பிறகு கௌரியின் இறால் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஏழுமலை எழுந்து நின்றான். "மாமா, அத்தப் பாரு."

பார்த்தேன்.

வெயில் தாழ்ந்திருந்தது. ஏரி அசையவில்லை. பலகை மேலே, கால் தண்ணீருக்குள். ஒரே வரிசை. பெஞ்சுக்குப் பெஞ்சு ஒரு பாகம், பிசகவில்லை. கழி எங்கோ சேற்றில் சிக்கிக் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தது. ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு பறவை. ஆலா, கொக்கு, மறுபடி ஆலா. எல்லாம் ஒரே திசை பார்த்து உட்கார்ந்திருந்தன. சத்தம் இல்லை. கடைசிப் பெஞ்சில் ஒரு நீர்க்காகம், இரண்டு இறக்கையையும் விரித்து நின்றது.

"டீச்சர், அது வீட்டுப்பாடம் எழுதல," என்றாள் செல்வி.

அந்த இடத்தில் எத்தனையோ முறை வலை போட்டிருக்கிறேன். அன்றுதான் அந்த இடத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

டீச்சர் இரண்டு மாஸ்க்கையும் கீழே இறக்கினார். பள்ளி பூட்டியிருந்தபோது மாற்றலாகி வந்தவர். அன்றுதான் அவர் முகத்தைப் பார்த்தோம். சின்ன வயசு.

"இன்ஜினை நிறுத்துங்க," என்றார்.

"ஏன் டீச்சர்?"

"கிளாஸ் நடக்குதுல்ல."

நிறுத்தினான். பறவைகள் தாமாக எழும்பும்வரை அப்படியே இருந்தோம். பிறகு கயிற்றைப் படகில் கட்டிப் பெஞ்சுகளை இழுத்து வந்தோம்.

மறுநாள் ஆபீசர் வந்தார். பெஞ்சில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தார். "மருந்து நல்லா அடிச்சிருக்கீங்க," என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. மாஸ்க் இருந்தது வசதி. திறக்கலாம் என்றார். அந்தக் குட்டை யூனிபார்மில் செல்விதான் முதலில் உள்ளே போனாள்.

இப்போது ஏழாவது படிக்கிறாள். நான் ஒரு தட்டைக் கழுவ எடுத்தாலும், "நைனா, எண்ணிக்கினு போ" என்பாள். ஏழுமலை ஏரிக் கரையில் எளாவூர்ப் பக்கம் போய்வந்தால் முதல் பேச்சே, "மாமா, அங்கியும் வரல." கயிற்றின் நுனியில் இருந்த ஒரு முடிச்சு அவிழ்ந்து, அன்றே ஒரு பெஞ்சு கடலுக்குப் போய்விட்டது. அதில் எந்தப் பறவை உட்கார்ந்து போனதோ.

கழுவ எடுத்துப் போனது பதினைந்து. வந்தது பதினான்கு.